மிச்சம் வைக்காமல் போனவர்கள்

முத்தையா ஒவ்வொரு நோட்டாக எச்சில் தொட்டு எண்ணி, சாலிஹ் நானாவின் மேசைமேல் வைத்தார். வெளியே பசறைக் கடைத்தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கருவாட்டு வாசனை, நனைந்த சாக்கு வாசனை, சம்பள நாளுக்கு இறங்கி வந்த தோட்டத்துச் சனத்தின் ஈரக் கம்பளி வாசனை.

நான் சீனி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவே, பதுளை வங்கிக் கிளையின் கடன் அதிகாரிக்குரிய கம்பீரத்தோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். மற்றக் காலை வைக்க வேண்டிய இடத்தில் எலிப்பொறி இருந்தது.

"சரியா இருக்கான்னு பாருங்க முதலாளி," என்றார் முத்தையா.

நானா எண்ணவில்லை. மேலாக இருந்த ஐந்து ரூபாயை எடுத்து முத்தையா பக்கம் தள்ளினார். "இத வச்சுக்கோங்க. அடுத்த சம்பளத்துக்குத் தாங்க."

"இல்லீங்க. முழுசா எடுத்துக்குங்க."

"ஏன் முத்தையா?"

முத்தையா தலையில் போட்டிருந்த கம்பளியை இறக்கினார். "பாஸ்போட்டு வந்திருச்சுங்க முதலாளி. வார மாசம் இந்தியாவுக்குப் போறோம்."

நானா கடன் எழுதும் கொப்பியைப் புரட்டி, முத்தையாவின் பேரில் இருந்த பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். முத்தையா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் இறங்கினார்.

வங்கிக்காரன் கண்ணுக்கு இதைவிட இனிப்பான காட்சி கிடையாது. கடன் வாங்கியவர், கேட்காமலே, ஒரு சதம் விடாமல் கட்டிவிட்டுப் போகிறார். நானாவின் கையில் கட்டாக நோட்டு. ஆனால் அவர் முகம் சாவு நடந்த மையத்து வீட்டிலிருந்து திரும்பி வந்தவருடைய முகம்.

என் வயிறு கடபுடவென்றது.

வயிறு என்கிற அதிகாரி

என் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆபத்தை என்னைவிட முதலில் அறிவது அதுதான்; வங்கியில் எனக்கு முன்பே பதவி உயர்வு பெற்றிருக்க வேண்டியதும் அதுதான்.

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு சரியாக ஞாபகமில்லை, மழைதான் ஞாபகமிருக்கிறது. கட்டிடத்தையோ காணியையோ ஈடு வைத்து யாராவது கடன் கேட்டால், நான் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று அறிக்கை எழுத வேண்டும். மற்ற அதிகாரிகள் கட்டிடத்தின் பெறுமதியைப் பார்ப்பார்கள். நான் அது எப்படி விழும் என்று பார்ப்பேன். மண் சரிந்து விழுமா, கறையான் அரித்து விழுமா, பின்பக்கத்துப் பலாமரம் அதன்மேல் விழுமா?

வெலிமடையில் உருளைக்கிழங்குக்குக் கடன் கேட்ட ஒருவர் என் முன்னால் இரண்டு தரம் இருமினார். அந்த இருமலுக்காக அவருடைய மகனையும் பிணை நிற்கச் சொன்னேன். அவர் இன்றும் கல்லுப்போல இருக்கிறார். நான்தான் வருடாவருடம் இருமலில் படுக்கிறேன்.

பதுளையிலிருந்து பசறைக்கு பஸ்ஸில் போகும்போது, ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாகவே தரையை மிதிக்கும். ஒருநாள் கண்டக்டர் குனிந்து, "ஐயா, பிரேக் டிரைவர்கிட்டத்தான் இருக்கு, நீங்க காலை எடுங்க," என்றான். பஸ்ஸில் எங்கள் கிளைப் பியோனும் இருந்தான். மறுநாளிலிருந்து வங்கிக் கந்தோரில் என் பெயர் 'பிரேக்'. மனேஜர் ஜயசேகரவுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. சிங்களத்தில் ஐயா என்பதுபோல மரியாதையாக 'பிரேக் மாத்தயா' என்பார்.

ஒரு குடை

சாலிஹ் நானாவின் கடைக்கு நான் முதன்முதல் போனது அதற்குச் சில வருடங்கள் முன்னால். ஒரு சிறிய கடன், வழக்கமான பரிசோதனை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நானா மேலே கொளுவியிருந்த குடைகளில் ஒன்றைக் கழற்றித் தந்தார்.

நான் நடுங்கிவிட்டேன். பரிசோதிக்கப் போன கடையில் பொருள் வாங்குவதா? லஞ்சம் என்று யாராவது மொட்டைக் கடிதம் எழுதினால்? விலையைக் கேட்டேன். சட்டைப்பை, காற்சட்டைப்பை எல்லாம் துழாவிக் காசைக் கொட்டினேன். நானா எண்ணி எடுத்துக்கொண்டு, விலையில் ஒரு ரூபாயை மட்டும் என் கையில் திருப்பி வைத்தார்.

"இது நிக்கட்டும் தம்பி."

"ஐயோ நானா, நான் உங்களுக்குக் கடன்படக் கூடாது. பேங்க் சட்டம்."

"ஒங்கட பேங்க் சட்டம் எனக்கு வெளங்காது. ஒரு ரூவா நின்டாத்தான் திரும்பி வருவீங்க."

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. கடன் கொடுத்த வங்கியின் அதிகாரி, கடன்காரருக்கே கடன்காரன்! அடுத்த முறை ரூபாயை நீட்டினேன், வாங்கவில்லை. கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன், மாலை பஸ்ஸில் திரும்பி வந்தது. தராசின் படிக்கல்லுக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டு ஓடிவந்தேன். அடுத்த வாரம் பதுளைக்குச் சாமான் எடுக்க வந்தவர், என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அதைச் செருகிவிட்டுப் போனார். பல வருடம் இந்த விளையாட்டு நடந்தது. எனக்குத்தான் அது விளையாட்டில்லை.

மிச்சம்

அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால் ஒரு வழக்கமே இருந்தது. எனக்கு அது பிறகுதான் புரிந்தது. நானும் தோட்டத் தொழிலாளரின் லய வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் பள்ளிக்கூடம் போய், கழுத்தில் டை கட்டிக்கொண்டதில் மறந்துபோயிருந்தேன்.

மாதம் முழுக்கக் கொப்பிக்குச் சாமான் எடுத்த தோட்டத்துச் சனம், சம்பள நாளில் வந்து கட்டும். முழுவதையும் கட்டாது. இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ மிச்சம் வைத்துவிட்டுப் போகும். கையில் இல்லாததால் அல்ல. மிச்சம் நின்றால், திரும்பி வருவேன் என்று அர்த்தம். முழுவதையும் கட்டினால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் சாவு.

கடைக்காரரோடு கோபித்துக்கொண்டவர் முழுக்காசையும் மேசையில் அறைந்து, "தீத்துக்குங்க!" என்று கத்திவிட்டுப் போவார். செத்துப்போனவருடைய கடன் பக்கத்தைக் கருமாதி முடிந்ததும் மகன் வந்து தீர்ப்பான். தீர்த்த கையோடு தன் பேரில் ஒரு தீப்பெட்டி கடன் வாங்கிப் புதுப் பக்கம் திறப்பான். அப்பன் போனாலும் வீடு கடையை விட்டுப் போகவில்லை என்பதற்கு அந்தத் தீப்பெட்டி சாட்சி.

கொழும்பில் எங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித்தரவில்லை. நிலுவை நோய், வசூல் சுகம் என்றுதான் அங்கே பாடம். அதை நம்பி என் முதல் அறிக்கையில், 'இக்கடையின் வாடிக்கையாளர் ஒருவர்கூட முழுமையாகக் கடன் தீர்ப்பதில்லை, மிகவும் அபாயகரம்' என்று சிவப்பு மையால் எழுதினேன். நானாவிடம் அதை வாசித்துக் காட்டியபோது, சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் எடுத்தது.

"தம்பி, எல்லாரும் தீத்துட்டாங்கன்டா, நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்று இருவரும் பிளேன்டீ குடித்தோம்.

நல்ல காலம் வந்த விதம்

முத்தையாவுக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட, ஒவ்வொரு சம்பள நாளும் பாஸ்போர்ட் வந்தவர்கள் சிலர். சேமலாப நிதிக் காசு, சேவைக்காலக் காசு என்று வாழ்நாளில் பார்க்காத கட்டுகள் கையில். முதலில் கடையில் கடனைத் தீர்த்தார்கள். அப்புறம் அங்கேயே கொண்டுபோகும் சாமான் வாங்கினார்கள். தகரப்பெட்டி, கம்பளி, சுடுதண்ணிப் போத்தல், தேயிலை.

பசறை, பதுளை, பண்டாரவளை எங்கும் கடைகளில் கூட்டம் நெரிந்தது. கடைக்காரர்கள் வங்கிக்குக் கொண்டுவந்த காசை எண்ணிக் காசாளருக்கு விரல் வீங்கியது. தோட்டக் காணிகளுக்கு உச்சவரம்பு வரப்போகிறது என்ற பேச்சில், பணக்காரர்கள் கடைத்தெருக் கட்டிடங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். ஒரு கட்டிடம் விற்ற விலையைப் பார்த்து அடுத்த கட்டிடத்துக்காரர் தன் விலையை ஏற்றுவார். ஏறிய விலையைப் பார்த்து வங்கி கூடுதலாகக் கடன் கொடுக்கும். அந்தக் கடனைக் கொண்டு இன்னொருவர் இன்னும் கூடிய விலைக்கு வாங்குவார். தலைமைக் கந்தோரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

போகிறவர்கள் கடைசியாக வாங்கிய வியாபாரத்தை, வளர்கிற வியாபாரம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

அந்த மாதங்களில்தான் ஹல்துமுல்லைத் தோட்டத்திலிருந்து என் அக்காவும் போனாள். வழியனுப்ப அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போனேன். பனிமூட்டத்தில் எதிர் மேடைகூடத் தெரியவில்லை.

"அக்கா, டிக்கட் எங்க? பாஸ்போட் எங்க? பெட்டியப் பூட்டினியா? சாவியக் காட்டு."

"டேய், கப்பலேறப் போறது எனக்குப் பயமா இல்ல. நீ கேக்குறதுதான்டா பயமா இருக்கு," என்றாள்.

பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, சாவியை வாங்கி இரண்டு தரம் திறந்து பூட்டினேன். கோச்சி வந்தது. அதற்கு அழுகைக் கோச்சி என்று சனம் ஏன் பெயர் வைத்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெட்டிக்குப் பெட்டி அழுகைச் சத்தம். நகரத் தொடங்கிய பிறகு கையசைத்தேன். அசைத்த கையில் தகரப்பெட்டிச் சாவி இருந்தது.

மேடை முடியும் வரை ஓடினேன். அக்கா யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அழுதுகொண்டே சிரித்தாள். "வச்சுக்கடா! நீயே பத்திரமா வச்சுக்க!" என்று கத்தியது காதில் விழுந்தது. அக்கரையில் இறங்கிப் பூட்டை உடைத்திருப்பாள். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பாதி மாடி

அந்தச் சாவி சட்டைப்பையில் இருந்த வாரத்தில்தான் நானாவின் விண்ணப்பத்துக்கு நான் தள்ளிப்போட்டு வந்த அறிக்கையை எழுதினேன். மூட்டைகளுக்கு நடுவே நான் ஒற்றைக் காலில் நின்ற அன்று பார்க்கப் போனதும் அதற்காகத்தான்.

நானா கடைக்கு மேலே ஒரு மாடி கட்ட விரும்பினார், கடையை ஈடு வைத்து. ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மேல் வீடு அவளுக்கு. கேட்ட தொகை பெரியது. ஆனால் கட்டிடத்தின் அன்றைய விலையைப் பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

நான் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எழுதினேன். கொங்கிரீட் வேண்டாம், பலகையும் தகரமும் போதும். கடையை ஈடு எடுக்க வேண்டாம், பின்னால் இருக்கும் காணித்துண்டு போதும். காரணம்: 'இக்கடையில் கடன்கள் முழுமையாகத் தீர்க்கப்பட்டு வருகின்றன. ஆகவே கடை நலிந்து வருகிறது.'

ஜயசேகர அதை எழுந்து நின்று, கந்தோர் முழுவதும் கேட்க வாசித்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"முதலில், தீர்க்கவில்லை, அபாயம் என்று எழுதினீர்கள். இப்போது, தீர்க்கிறார்கள், அபாயம் என்கிறீர்கள். பிரேக் மாத்தயா, காசு தராதவர்களாகத் தேடிப் பிடித்துக் கடன் கொடுக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு மூட்டுவது எனக்கு நன்றாக வரும். அழுத்திச் சொல்வதுதான் வராது.

பாதி என்ற செய்தி பசறைக்கு எப்படிப் போனதோ, மறுநாளே நானா வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, என்ட கடைய நீங்க பாதியாத்தான் பாக்கிறீங்களா?"

"அப்படியில்ல நானா..."

"மாப்பிள்ள ஊட்டாருக்கு வாக்குக் குடுத்தீக்கி. பலகை ஊட்டக் காட்டி, இதுதான் என்ட மகள்ட ஊடுன்டு சொல்ல ஏலுமா?"

"கோடு போட்ட பக்கம் எத்தன இருக்கு நானா, உங்க கொப்பியில?"

அவர் யன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டினார்.

"போறவங்க போவாங்க. மலை போகாதுதானே தம்பி? மலை ஈக்கிற வரைக்கும் கொழுந்து ஈக்கும். கொழுந்து ஈக்கிற வரைக்கும் கிள்ள ஆள் ஈக்கும். ஆள் ஈந்தா பசிக்கும். பசிச்சா சாலிஹ்ட கடைக்கு வராம எங்க போற?"

எவ்வளவு அழகான அறிக்கை! என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. என் வயிறுகூட ஒரு நிமிடம் அதை நம்பியது.

ஜயசேகர முழுத் தொகையும் கொடுத்தார்.

கம்பிகள்

மாடி எழுந்தது. பசறைத் தெருவில் அப்போது அதுதான் உயரம். கல்யாணத்துக்கு நானும் போனேன். புதுச் சுண்ணாம்பு வாசனையும் புரியாணி வாசனையும் சேர்ந்து வந்தன. நானா என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், தூண்களிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகளைத் தட்டிக் காட்டினார்.

"இது என்னத்துக்கு தெரியுமா? அடுத்த மாடிக்கு. பேரப்புள்ளைகளுக்கு."

"நானா, நீங்க இந்த ஓரத்துல நிக்காதீங்க," என்றேன். எனக்குத் தலை சுற்றியது.

அதன் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. கெட்டது நடக்கும்போது தடாலென்று நடக்கும் என்றுதான் நான் வாழ்நாளெல்லாம் பயந்திருந்தேன். இது சத்தமில்லாமல் வந்தது. லயங்களில் ஒரு காம்பராவின் கதவு பூட்டியிருக்கும், அப்புறம் அடுத்தது. மாவு தட்டுப்பாடு வந்தது. பாண் ரொட்டிக்கு விடியற்காலை வரிசை. வெளிநாட்டுச் சாமான் வராததால் கடைத் தட்டுகளில் பழைய தகரப்பெட்டிகள் மட்டும் மினுங்கின. தோட்டங்கள் கை மாறின. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் வேலை.

இருந்தவர்கள் இப்போதும் மிச்சம் வைத்தார்கள். மிச்சம் மட்டுமே வைத்தார்கள்.

நானா கொடுத்துக்கொண்டேயிருந்தார். ஒருநாள் நான் போனபோது, மெலிந்துபோன ஒரு பெண் அரை றாத்தல் மாவுக்கு நின்றாள். நானா அளந்து கொடுத்தார், எழுதவில்லை.

"எழுதுங்க நானா," என்றேன். வங்கிக்காரன் வாய் அல்லவா.

"எழுதினா அவ அடுத்த கிழமை வெக்கத்துல வர மாட்டா. வராட்டி புள்ளைக்கு மாவில்ல. நீங்க சும்மா இரிங்க தம்பி."

தவணை தவறத் தொடங்கியது. நானாவுக்கு மட்டுமல்ல, தெரு முழுக்க. வாங்கும்போது ஒருவரையொருவர் பார்த்து விலையை ஏற்றியவர்கள், இப்போது ஒருவரையொருவர் பார்த்து இறக்கினார்கள். வங்கியும் அப்படித்தான். நல்ல காலத்தில் அள்ளிக் கொடுத்த ஜயசேகர பதவி உயர்ந்து கொழும்புக்குப் போயிருந்தார். கட்டிடக் கடன்களை உடனே மீட்கவும், தவறினால் ஏலம் என்று வந்த சுற்றறிக்கையில் அவருடைய கையெழுத்தே இருந்தது.

எல்லோரும் கொடுத்தபோது பயந்தவன் நான். எல்லோரும் பிடுங்கக் கிளம்பியபோதும் பயந்தேன், ஆனால் வேறு பக்கமாக. இன்னோர் அறிக்கை எழுதினேன். 'எல்லாக் கட்டிடங்களையும் ஒரே நேரத்தில் ஏலத்தில் போட்டால், விலையை இன்னும் கீழே தள்ளுவது நாமேதான். வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு பொறுத்திருந்தால் விலை திரும்பும். இந்த மனிதர் ஓட மாட்டார்.'

பதில் ஒரே வரியில் வந்தது. 'பிரேக் மாத்தயா இப்போது ஏன் வேகமாக ஓட்டச் சொல்கிறார்?'

ஆனாலும் நோன்புப் பெருநாள் முடியும் வரை அவகாசம் கிடைத்தது. அதை வாங்குவதற்கு நான் கொழும்புக்கே போய், ஜயசேகரவின் அறை வாசலில் அரை நாள் நின்றேன். மேலே சுழன்ற மின்விசிறி கழன்று விழுமோ என்று வேறு பயம்.

செய்தியைச் சொல்லப் பசறைக்குப் போனேன். நானா மொட்டை மாடியில் இருந்தார். நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் கயிறு கட்டி, மகள் பிள்ளைத் துணிகளைக் காயப்போட்டிருந்தாள். சின்னச் சின்னத் துணிகள்.

"ஏலம் போட்டா, தமுக்கடிச்சுத் தெருவெல்லாம் சொல்வாங்களா தம்பி?"

"நோட்டீஸ் ஒட்டுவாங்க."

"கதவுல?"

"கதவுலதான்."

"வேணாம்," என்றார். "மொனராகலைப் பக்கம் ஒரு ஆள் கேட்டீக்கி. கொறஞ்ச வெலதான். ஆனா கதவுல ஒட்ட மாட்டான்."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க நானா. விலை வரும். மலை போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மலை போகல்லதான் தம்பி."

அந்த விலை பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். சில வருடங்களில் ஆட்சி மாறியது, இறக்குமதி திறந்தது, தெருவில் வானொலிப் பெட்டிகளும் நைலோன் சேலைகளும் தொங்கின. அந்தக் கட்டிடம் பல மடங்கு விலைக்குக் கை மாறியது. கம்பிகள்மேல் அடுத்த மாடியும் எழுந்தது. அதற்கும் எங்கள் கிளைதான் கடன் கொடுத்தது. பார்த்து அறிக்கை எழுதப் போனவன் நான். அந்த முறை படியேறவில்லை, கீழே நின்றே எழுதினேன்.

சில்லறை

நானா கணக்கை முடிக்க வந்த நாளும் மழைதான். மகளும் மருமகனும் முதல் நாளே அக்குறணைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். விற்ற காசு அப்படியே அதற்குள் இருந்தது.

நான் வட்டியைக் கூட்டினேன். கூட்டும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கடைசி மாத வட்டியில் ஐந்து ரூபாயைக் குறைத்துவிட்டால், கணக்கு மூடாது. ஒரு சின்ன மிச்சம் நிற்கும். மிச்சம் நின்றால்...

நானா தாளைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடி போடாமல், விரலை மட்டும் ஓட்டிக்கொண்டு போனவர், கடைசி வரியில் நிறுத்தினார்.

"இதுல அஞ்சு ரூவா கொறயுது தம்பி."

"அப்படியா? கவனிக்கல்ல. பரவாயில்ல, அது அடுத்த மாசம்..."

"அடுத்த மாசம் நான் இங்க இல்ல," என்றார். "பேங்க்ல மிச்சம் வைக்க ஏலாதுன்டு நீங்கதானே சொன்ன? தீத்துருங்க."

தீர்த்தேன். முத்திரை குத்தினேன். அவசரத்தில் தலைகீழாக விழுந்தது. பக்கத்திலிருந்த கிளார்க் சிரித்தான். இன்னொரு தரம் குத்தினேன். காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து நானாவிடம் நீட்டினேன். அவர் அதை அன்று மாலையே பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் கொடுத்து, வேறொருவர் பேருக்கு எழுத வேண்டும். வங்கிக்கு ஒரு சதம் நட்டமில்லை. தலைமைக் கந்தோருக்கு அனுப்பும் பட்டியலில் அந்த வரி மிக அழகாக இருந்தது.

நானா எழுந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்திருந்த குடையைப் பார்த்தார். துணி வெளுத்து, ஒரு கம்பி வளைந்து, அவர் கடைக் குடைதான்.

"இன்னம் ஈக்கா அது?"

"எடுத்துட்டுப் போங்க நானா. வெளிய மழை."

"அது வித்த சாமான்," என்றார். பிறகு மேசைமேல் கையை நீட்டினார். உள்ளங்கை மேலாக. "சரி தம்பி. இனி என்ட ஒரு ரூவாயத் தாங்க."

எத்தனை வருடம் அந்தக் கையில் ஒரு ரூபாயை வைக்க நான் பட்ட பாடு! பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன், படிக்கல்லுக்குக் கீழே ஒளித்தேன், அதை நினைத்துத் தூக்கம் கெட்டேன். இப்போது கேட்டு நிற்கிறார்.

சட்டைப்பையைத் தட்டினேன். காற்சட்டைப்பையில் கையை விட்டேன். மேசை இழுப்பறையைத் திறந்து மூடினேன்.

"சில்லறை இல்ல நானா."

நான் அதைச் சொன்ன அதே நேரம், அடுத்த மேசையில் காசாளர் ஒரு பை நிறைய ரூபாய் நாணயக் குற்றிகளைத் தட்டில் கொட்டினார். சத்தம் கந்தோர் முழுக்கக் கேட்டது. கிளார்க் மறுபடியும் சிரித்தான். நான் சிரிப்பு மூட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

நானா அந்தத் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பேங்க்ல சில்லறை இல்லையா?"

"இல்ல."

"நல்லாத் தேடிப் பாருங்க தம்பி."

"தேடிட்டேன் நானா. இல்ல."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் மெதுவாக மூடிக்கொண்டது. அவர் கைக்குட்டையை எடுத்துத் தலையில் விரித்துக்கொண்டு, பஸ் நிலையத்துப் பக்கம் மழைக்குள் இறங்கினார். முத்தையா இறங்கியதுபோலத்தான். ஆனால் வாசலில் ஒருமுறை திரும்பி,

"அப்ப நிக்கட்டும்," என்றார்.

காற்சட்டைப்பைக்குள் விட்ட கையை நான் இன்னும் வெளியே எடுத்திருக்கவில்லை. அதற்குள் ஒரு ரூபாய்க் குற்றி வியர்வையில் நனைந்துபோயிருந்தது.